பெட்டியில் நூறு மீற்றர், எங்கள் வளவில் எத்தனை?

சென்ற மாதம் வலிகாமம் வடக்கில், கடற்கரைக்குக் கிட்டிய ஒரு கிராமத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்புகிற நேரம், அக்கா ஒருவர் சொப்பிங் பைக்குள் இருந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே மூன்று சாமான்கள். சாவிக்கொத்து அளவில் ஒரு பொத்தான். கதவில் ஒட்டுகிற இரண்டு துண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக். சுவர்ப் பிளக்கில் செருகுகிற ஒரு சைரன். வயர் இல்லாத வீட்டு அலாரம்.

"தங்கச்சி, கடையிலை வைச்சு அமத்தினா ஊரே எழும்புற மாதிரி அடிக்குது. வீட்டை கொண்டு வந்தா ஊமையாய்க் கிடக்குது. ரெண்டு தரம் மாத்திக் குடுத்திட்டினம். மூண்டாந்தரம் போக வெக்கமாக் கிடக்கு" என்றார்.

அக்காவின் குடும்பம் 1990 ஜூனில் ஊரை விட்டு எழும்பியது. அப்போது அவர் சிறுபிள்ளை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய காணிகளும் விடுபட்டதற்குப் பிறகுதான் அவரும் தன் தாயின் காணிக்குத் திரும்பினார். இடையில் 27 வருடங்கள், அதில் பெரும்பகுதி நலன்புரி நிலையத்தில். கணவர் 2007 இல் வேலைக்கென்று போனவர், இன்னும் வரவில்லை. மூத்த மகள் வேலைக்குப் போகிறாள், இளையவள் உயர்தரம் படிக்கிறாள். மூன்று பெண்கள், இரண்டு அறைக் கல்வீடு ஒன்று. ஒரு பக்கக் காணி வெறுமை. உரித்துக்காரர் வெளிநாட்டில். மற்றப் பக்கமும் பற்றை. பற்றைக்கு அப்பால்தான் அடுத்த வீடு. அங்கே அக்காவின் மாமியும் மாமியின் மகனும் இருக்கிறார்கள்.

அலாரம் வாங்க நினைத்ததற்குக் காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2011 ஆகஸ்ட் மாதத்தை மறந்த பெண்கள் எங்களில் யார் இருக்கிறார்கள்? 'கிறீஸ் பூதம்' என்ற பீதி கிழக்கிலும் மலையகத்திலும் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. ஆகஸ்ட் 22 இரவு நாவாந்துறையில், சந்தேகப்பட்டவர்களைத் துரத்திக்கொண்டு போன ஊர்ச்சனம், பின்னர் படையினரிடம் அடிவாங்கி, ஆண்கள் நூறுக்கு மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அன்றைக்கு வீட்டு வாசலில் மிளகாய்த்தூளும் அலவாங்கும் வைத்துக்கொண்டு முழித்திருந்தவர்கள்தான் இன்று அலாரம் வாங்குகிறார்கள். வாங்குவது நல்லது. ஆனால் அடிக்காத அலாரம், அலாரம் இல்லாததை விட மோசமானது. அதை நம்பிக் கதவைத் திறந்துவிட்டு நித்திரை கொள்வோம் அல்லவா?

ஆகவே சுன்னாகத்தில் முந்தி றேடியோ திருத்திய எங்கள் உறவுக்கார அண்ணை ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனோம். அன்று கண்டதையும் அவர் விளக்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

கடையில் அடித்ததும் பொய்யில்லை

முதலில் அக்கா செய்த ஒரு கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். சைரனை அவர் தன் வீட்டில் மாட்டவில்லை. "என்ரை வீட்டிலை அடிச்சா எனக்குத்தானே கேக்கும். வாறவன் எனக்கு முன்னாலை நிக்கிறான் எண்டு எனக்கு ஏற்கெனவே தெரியும்தானே" என்றார். சைரனை மாமி வீட்டில் செருகி, பொத்தானைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். யோசனை முழுக்கச் சரி. பிரச்சினை தூரத்தில். அவர் கட்டிலில் இருந்து மாமி வீட்டு விறாந்தை ஏறக்குறைய 60 மீற்றர். பெட்டியில் '100 மீற்றர்' என்று போட்டிருக்கிறது. 60 என்பது 100 இற்குள் அடங்கும்தானே என்று நாங்கள் எல்லோரும் நினைப்போம்.

அந்த 100 மீற்றர், நடுவில் ஒரு மரமும் மதிலும் இல்லாத வெளியில், புதுப் பற்றறியோடு, ஒன்றுக்கொன்று நேரே தெரியும்படி பிடித்துக்கொண்டு அளந்த தூரம். விளையாட்டு மைதானத்துக் கணக்கு அது. வீட்டுக் கணக்கு வேறு. சுவர்கள் உள்ள வீட்டில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம் என்றார் அண்ணை.

பொத்தானை அமத்தினால் நடப்பது இதுதான். உள்ளே இருக்கும் சிறு தகடு ஒரு றேடியோ அலையை அனுப்புகிறது. எங்கள் எப்.எம். றேடியோ 88 இலிருந்து 108 மெகாஹேட்ஸ் வரை கேட்கிறது. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 433 அல்லது 315 மெகாஹேட்ஸில் பேசுகின்றன. அலையோடு சேர்த்து ஒரு இரகசிய இலக்கமும் போகிறது. அந்த இலக்கம் முழுதாக வந்து சேர்ந்தால்தான் சைரன் அடிக்கும். அரைவாசி வந்தால் அடிக்காது. றேடியோ என்றால் தூரம் போகப்போக இரைச்சலோடாவது பாட்டுக் கேட்கும். இதில் இரைச்சல் இல்லை. கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் ஒன்றுமே இல்லை. எல்லைக்கோட்டில் இருக்கும் வீடுகளில் இன்று அடிக்கும், நாளை அடிக்காது. அதைத்தான் அக்கா "பழுது" என்று நினைத்து இரண்டு தரம் மாற்றியிருக்கிறார்.

இன்னொன்று. பொத்தானை அமத்தும்போது அதில் ஒரு சிவப்பு லைற் மின்னும். அந்த லைற், பொத்தான் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. மாமி வீட்டில் சைரன் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. மலிவான கருவிகளில் சைரன் திரும்பிப் பதில் சொல்வதில்லை. லைற் மின்னியது, ஆகவே ஆள் வரும் என்று காத்திருந்துவிடக் கூடாது.

அனுப்பும் பலமும் மிகச் சிறியது. பழைய ரோச் லைற் பல்ப் ஒன்று எடுக்கும் சக்தியில் ஐம்பதில் ஒரு பங்கும் வராது. வெட்டவெளியிலேயே, தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் வலு நாலில் ஒன்றாகிவிடும். இனி அதற்கு நடுவில் என்னவெல்லாம் நிற்கின்றன என்று பார்க்கத்தான் நாங்கள் அக்காவின் வளவைச் சுற்றி நடந்தோம்.

தகரமும் தண்ணீரும்

அக்காவின் அறைக்கும் மாமி வீட்டுக்கும் இடையில் ஒரு நேர்கோடு கீறிப் பார்த்தோம். முதலில் அறைச் சுவர். சீமெந்துக் கல், பரவாயில்லை. அடுத்தது சமையலறை. அங்கேதான் அண்ணை நின்றுவிட்டார். குசினியின் கிழக்குப் பக்கம் முழுவதும் தகரம். நலன்புரி நிலையத்தில் இருந்து ஊருக்கு வந்தபோது அக்கா தன் கொட்டிலைக் கழற்றி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு வந்த தகரங்கள் அவை. "இந்தத் தகரத்துக்குக் கீழைதான் ரெண்டு பிள்ளையளையும் வளத்தனான்" என்றார். கழற்றச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் றேடியோ அலைக்குத் தகரம் என்றால் மதில் மட்டுமல்ல, கண்ணாடி மாதிரி. பட்டுத் திரும்பிப் போய்விடும். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, இரும்புக் கேற், கூரைக்குக் கீழே வெக்கைக்கு அடிக்கும் வெள்ளித்தாள், எல்லாமே அப்படித்தான். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியும் கொஞ்சம் தடுக்கும். ஓடு, அஸ்பெஸ்ரஸ் சீற், காய்ந்த கிடுகு, பனையோலை வேலி ஆகியவை பெரிதாகத் தடுப்பதில்லை. எங்கள் பழைய நாற்சார் வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவர் தடிப்பில் தடுக்கும். ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டி அலை போக வேண்டுமென்றால் அதற்கும் மூச்சு வாங்கும்.

தண்ணீர் அடுத்த எதிரி. அது அலையைத் திருப்புவதில்லை, உறிஞ்சிவிடும். பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கி என்றால் பிளாஸ்ரிக்கால் அல்ல, உள்ளே நிற்கும் தண்ணீரால் தடுக்கும். பச்சை இலையிலும் தண்ணீர்தான் இருக்கிறது. 27 வருடம் ஆள் புழங்காத காணியில் வளர்ந்த பற்றை எப்படி இருக்கும் என்று வலிகாமம் வடக்குச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழி மழைக்கு அது இன்னும் தழைக்கும், இலையெல்லாம் நனைந்து நிற்கும், சுவரும் ஊறும். ஆடி வெயிலில் அடித்த சைரன் மாரியில் அடிக்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

மனித உடம்பிலும் பெரும்பங்கு தண்ணீர். பொத்தானைத் தலையணைக்குக் கீழே வைத்து, அதன்மேல் படுத்தபடி அமத்தினால் முதல் தடுப்பே நாங்கள்தான். உள்ளங்கைக்குள் முழுதாகப் பொத்திப் பிடித்து அமத்துவதும் அப்படியே. நுனிவிரலால் பிடித்து, கையைக் கொஞ்சம் உயர்த்தி அமத்த வேண்டும். பயத்தில் இதெல்லாம் ஞாபகம் வருமா என்று கேட்பீர்கள். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சும்மா இருக்கும் நாட்களில் பழக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் எங்களுக்குப் புதிய பாடமும் இல்லை. 1990 இற்குப் பிறகு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஆள் பெடலைச் சுற்ற, டைனமோவில் செய்தி கேட்ட வீடுகள்தானே எங்களுடையவை? வேப்பமரத்துக்கும் கூரைக்கும் இடையில் கம்பி இழுத்துக் கட்டியதும், "இஞ்சாலை திருப்பு, இப்ப கேக்குது, அசையாதை" என்று றேடியோவைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றதும் ஞாபகம் இருக்கும். உயரத்தில் வைத்தால் நன்றாக எடுக்கும், தகரக் கொட்டிலுக்குள் எடுக்காது என்பது அன்றே தெரிந்த விடயம். அந்த அறிவைத்தான் இந்தச் சின்னப் பொத்தானுக்கும் பாவிக்கப் போகிறோம்.

இடம் மாற்றியதும் நடந்தது

மாமி வீட்டில் சைரன் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், நிலத்தில் இருந்து ஒரு அடி உயரத்தில் இருந்த பிளக்கில் செருகியிருந்தது. சுவரில் வேறு பிளக் காலி இல்லை என்பது காரணம். அதை எடுத்து, நீட்டு வயர் ஒன்றில், விறாந்தை யன்னல் பக்கம், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினோம். தகரத்தின் கதையை விட்டுவிட்டு, அக்காவை மேற்கு அறையில் இருந்து தெற்கு அறைக்குக் கட்டிலை மாற்றச் சொன்னோம். அங்கிருந்து பார்த்தால் நேர்கோடு குசினியைத் தொடாமல் போகிறது. பற்றை மட்டும் மிச்சம். மாமியின் மகன் கத்தியோடு போய், நேர்கோட்டில் ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குக் கொப்புகளை வெட்டிவிட்டான். உரித்துக்காரரிடம் போனில் கேட்டுத்தான் வெட்டினோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்துத் தரம் அமத்தியதில் பத்துத் தரமும் அடித்தது. முந்திப் பத்தில் இரண்டு. கடைக்காரர் மேல் இருந்த கோபம் அக்காவுக்கு அன்றோடு போய்விட்டது.

கதவில் ஒட்டும் துண்டில் வேறு சிக்கல் இருந்தது. அதில் ஒரு துண்டு காந்தம், மற்றது அனுப்பும் துண்டு. கதவு திறந்து காந்தம் விலகினால் சைரன் அடிக்கும். மூடியிருக்கும்போது இரண்டுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் இடைவெளி இருக்கலாம். கதவு ஆடி இடைவெளி கூடினால் காற்றுக்கும் நாய்க்கும் அடிக்கும். மூன்று இரவு சும்மா அடித்தால் நாலாம் இரவு அயலவர் எழும்பமாட்டார்கள். அக்கா அதை இரும்புக் கிறில் கதவிலேயே ஒட்டியிருந்தார். இரும்பு காந்தத்தையும் குழப்பும், அலையையும் தின்னும். மரநிலையில், கதவின் மேல்மூலையில் மாற்றி ஒட்டினோம்.

கருவியைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். உள்ளே 17 சென்ரிமீற்றர் அளவில் ஒரு மெல்லிய வயர் சும்மா தொங்கும். மிச்ச வயர் என்று வெட்டிவிடாதீர்கள். அதுதான் அன்ரெனா. 433 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 69 சென்ரிமீற்றர், அதில் கால்பங்குக்கு அளந்து வைத்தது. சுருட்டி வைத்தாலும் எட்டும் தூரம் குறையும்.

பற்றறி, கரண்ட், லண்டன் பார்சல்

இந்தப் பொத்தான்களில் பல, விரல்நுனி அளவான 12 வோல்ற் பற்றறியில் வேலை செய்கின்றன. பற்றறி இறங்க இறங்க எட்டும் தூரம்தான் முதலில் குறையும். சிவப்பு லைற் மங்கலாக மின்னினால் உடனே மாற்றுங்கள். கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்றுப் பிடித்து பற்றறி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சுவர்ப் பிளக்கில் செருகும் சைரன் கரண்ட் இல்லாவிட்டால் செத்துவிடும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதை நாங்கள் அனுபவித்தவர்கள். கள்ளன் இருட்டைத்தான் பார்த்திருப்பான். ஆகவே பற்றறியிலும் ஓடக்கூடிய சைரனாகப் பார்த்து வாங்குவது நல்லது. போனுக்குச் செய்தி அனுப்பும் வைபை வகைக் கருவிகளும் வந்துள்ளன. கரண்ட் போனால் வைபைப் பெட்டியும் நின்றுவிடும். அதோடு வைபை பேசும் 2.4 கிகாஹேட்ஸ் அலை, 433 ஐ விடச் சுவர்களுக்குள் நுழைவதில் பலவீனமானது. வீட்டுக்குள்ளே பாவிக்கலாம், கோடிப்புறத்துக்கு நம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து தம்பி அனுப்பினான், சித்தி அனுப்பினா என்று அலாரம் வருவதும் உண்டு. ஐரோப்பாச் சாமான்களில் பல 868 மெகாஹேட்ஸில் பேசும். அவற்றுக்கு இங்கே வாங்கும் பொத்தானைச் சேர்க்க முடியாது. கனடாச் சாமான் என்றால் இன்னும் கவனம். அங்கே 120 வோல்ற், இங்கே 230. அடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் செருகினால் புகைதான் வரும். அனுப்புகிறவர்களிடம் முதலே சொல்லிவிடுங்கள், அந்தக் காசை அனுப்பினால் இங்கேயே வாங்கலாம் என்று. சிலர் கோபிப்பார்கள்தான்.

சைரனுக்குப் பக்கத்தில் மலிவான எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், ரீவி என்பன இருந்தால் அவற்றின் இரைச்சலில் சைரனுக்குக் காது கேளாமல் போகும். மூன்று நாலு அடி தள்ளி வைத்தால் தீரும்.

எங்கள் மாமியின் காதும் அப்படித்தான். அலை வந்து சேர்ந்து, சைரனும் அடித்து, மாமி பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்! வலது காது ஷெல் விழுந்ததில் இருந்து சரியில்லையாம். அன்று அந்த வீட்டில் இருந்த ஒரு மணித்தியாலத்தில் அதை யாரும் சொல்லவில்லை. மகன் இரவு கடலுக்குப் போகும் நாட்களில் மாமி மட்டும்தான். ஆகவே சைரனோடு வெளிச்சமும் விட்டுவிட்டு மின்னும் வகை ஒன்றை இரண்டாவதாக வாங்கி, மாமியின் கட்டிலுக்கு எதிரே வைக்க முடிவாயிற்று. ஒரே பொத்தானுக்கு இரண்டு மூன்று சைரன்களைப் பழக்கிவிடக்கூடிய கருவிகள் உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

சைரன் கேட்டால் மாமி என்ன செய்வார் என்பதையும் பேசி வைத்தோம். தனியே ஓடி வருவதில்லை. முதலில் மகனின் சிநேகிதன் வீட்டுக்குப் போன், பிறகு வெளி லைற்றைப் போட்டுச் சத்தம் வைப்பது. பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் இளையவள் கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டினாள்.

கடைசியாக வளவு முழுக்க நடந்து பார்த்தோம். இது நீங்களும் செய்ய வேண்டியது. ஒரு ஆள் சைரனடியில் போனோடு, ஒரு ஆள் பொத்தானோடு. படலையடி, விறாந்தை, அறை, குசினி, கிணற்றடி, மலசலகூடம், ஒவ்வொரு இடத்திலும் மூன்று தரம் அமத்தி, மூன்றும் அடிக்கிறதா என்று கேட்க வேண்டும். கதவுகளை மூடிவிட்டுச் செய்ய வேண்டும், ஏனென்றால் இரவில் கதவு மூடித்தான் இருக்கும். மழை தொடங்கியதும் இன்னொரு தரம், பற்றறி மாற்றினால் இன்னொரு தரம். முன்கூட்டியே அயலுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அக்காவின் வளவில் எல்லா இடத்திலும் அடித்தது, ஒரு இடத்தைத் தவிர. கிணற்றடியைத் தாண்டி மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஏழெட்டு எட்டு. அங்கே நின்றால் குசினித் தகரம் சரியாக நடுவில் வருகிறது. எப்படித் திரும்பி நின்று அமத்தினாலும் அடிக்கவில்லை. அண்ணை தகரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இளையவள் போய்ப் பழைய பாவாடைத் துண்டு ஒன்றைக் கிழித்துவந்து, அந்த இடம் தொடங்கும் கதியாலில் ஒன்றும் முடியும் கதியாலில் ஒன்றுமாகக் கட்டினாள். இரவில் அந்த இரண்டு துணிக்கும் இடையில் தனியே போவதில்லை, ரோச் லைற்றோடு இரண்டு பேராகத்தான் போவது என்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.